ரசமட்டத்து ஆசாரி

என் சின்ன அலுமினியப் படகில் நின்று தூண்டில் போட வசதியாகப் பலகைத்தளம் அடிக்க ராஜபாளையத்திலிருந்து ஓர் ஆசாரி வந்தார். பெருத்த தொந்தி, இடுப்பில் மட்டம் பார்க்கும் ரசமட்டம். டீக்கடை பெஞ்சில்கூட அதை வைத்துப் பார்த்துவிட்டுத்தான் உட்காருவார்.

“கரையில வச்சா மட்டம் தப்பிரும்” என்று படகை மம்சாபுரம் கண்மாயில் மிதக்கவிட்டார். பின்பக்கம் சம்மணம் போட்டு உட்கார்ந்தபடியே எட்டி எட்டி எல்லா ஸ்க்ரூவையும் முடுக்கினார். ரசமட்டத்தின் குமிழி நட்டநடுவில் நின்றது.

“பாத்தீயளா!” என்று பெருமையாகக் கரையில் இறங்கினார். உடனே படகின் பின்பக்கம் எழும்பி, தளம் முன்னால் சாய்ந்தது.

எட்டி ரசமட்டத்தை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டார்.

“பலகையில குத்தமில்ல அண்ணாச்சி. நான் எறங்குனதுதான் தப்பு.”

இப்போது அவர் உட்கார்ந்த இடத்தில் ஒரு மணல்மூட்டையை ஏற்றிக்கொண்டுதான் மீன்பிடிக்கப் போகிறேன். தளம் இம்மியும் சாய்வதில்லை. அவர் சொன்னது சரிதான் என்பதில்தான் எனக்கு எரிச்சல்.