கூண்டு அட்டையை மாற்றி மாட்டியவர்

மாரியப்பன்தான் போன் செய்தார். எங்கள் மருந்தியல் கல்லூரியின் ஆய்வு எலிகளுக்குத் தீனியும் மருந்தும் கொடுப்பவர். "மேடம், நம்ம வேலாயுதம் சார் போயிட்டாவ. ராஜபாளையத்துல வீட்டுலதான் வச்சிருக்காவ, வாரீயளா?" நான் ஸ்ரீவில்லிபுத்தூர் பேருந்து நிலையத்தில் நின்றிருந்தேன். அழுகை வரவில்லை. அவரை அறிந்தவர்களே, செத்தவரைப் பற்றி நல்லதுதான் பேச வேண்டும் என்று எனக்கும் தெரியும். நாக்கு வரமாட்டேன் என்கிறது.

பேராசிரியர் வேலாயுதம் எங்கள் துறைத் தலைவர். என் முனைவர் பட்ட ஆய்வுக்கு நெறியாளர். மூட்டுவாதம் வரவழைத்த எலிகளில் ஒரு கூண்டுக்குப் பழைய வீக்க மருந்து, மறு கூண்டுக்குப் புதியது. எது மூட்டைக் காக்கிறது என்று ஒப்பிட வேண்டும். எலியின் காலைக் கணுக்காலில் போட்ட மைக்கோடு வரை தண்ணீரில் முக்கினால், ஏறுகிற தண்ணீர்தான் வீக்கத்தின் அளவு. கூண்டில் மருந்தின் பெயர் எழுதிய அட்டை தொங்கும். அதைப் பார்க்காமல் அளக்கச் சொல்வார். "கண்ணு பொய் சொல்லாதும்மா, கைதான் சொல்லும்." தினமும் இதே பாட்டு. எலிக்காலை முக்க எனக்குத் தெரியாதாக்கும் என்று முணுமுணுப்பேன்.

புதிய மருந்து ஜெயித்தது. முடிவைச் சொல்லும் நாளில் அரைக் கிலோ பால்கோவா வாங்கிப் போனேன். மனிதர் ரசித்துச் சாப்பிட்டார். கையைத் துடைத்துக்கொண்டு, வெளியூரிலிருந்து வந்திருந்த நிபுணர்கள் முன்னால் ஆரம்பித்தார்.

"ஏம்மா, மூணாவது வாரம் ரெண்டு அட்டையையும் நான் மாத்தி மாட்டினேன். எலிய மாத்தல, மருந்த மாத்தல. உன் நோட்டுல மட்டும் வீக்கம் ஒரே நாள்ல கூண்டு விட்டுக் கூண்டு தாவிருச்சே, எப்படி?"

எல்லோரும் சிரித்தார்கள். நான் வேண்டுமென்று ஏமாற்றவில்லை. ஜெயிக்க வேண்டும் என்று நான் ஆசைப்பட்ட மருந்தின் அட்டையைக் கண்டதும், கை எலிக்காலைக் கோடு வரை முக்காமல் ஒரு மயிரிழை முன்னாலேயே நின்றிருக்கிறது. அவர் சொன்னது சரிதான். ஆனால் மூன்றாவது வாரமே கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாமே! கடைசி நாள் வரை காத்திருந்தாரே, அது ஆராய்ச்சியா, வன்மமா? "அட்டையப் பாக்கல, எனக்கும் சாருக்கும் மட்டும் தெரிஞ்ச வால் கலரப் பாத்துத்தான் மருந்து குடுத்தேன் மேடம். சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டாவ" என்று மாரியப்பன் கண் கலங்கினார்.

எல்லாம் முதலிலிருந்து. இரண்டு வருடம் போனது. நான் காத்திருந்த நிரந்தர வேலை வேறொருவருக்குப் போனது. அட்டைகளைச் சுவர்ப் பக்கம் திருப்பிவிட்டு அளந்தேன். இரண்டு மருந்துக்கும் வீக்கம் ஒன்றுபோலத்தான் வடிந்தது, எலும்பு ஒன்றுபோலத்தான் அரிக்கப்பட்டிருந்தது. படித்துவிட்டு "ம்" என்று கையெழுத்துப் போட்டார். அவ்வளவுதான்.

சாவு வீட்டில் அவர் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீ யாரும்மா? அவியகிட்ட வேல பாத்தியா?" என்று கேட்டார். நான் அவர் துறையில் இருந்த பன்னிரண்டு வருடத்தில் என் பெயரைக்கூட வீட்டில் சொல்லியிருக்கவில்லை. மாலையைப் போட்டுவிட்டுத் திரும்பினேன்.

மறுநாள் காலை புதிய ஆய்வின் கூண்டுகள் முன் நின்றேன். இதிலும் ஒரு மருந்து ஜெயிக்க வேண்டும் என்று எனக்கு ஆசை இருக்கிறது. அட்டைகளைத் திருப்பி மாட்டினேன். எந்த மருந்தின் கூண்டு எங்கே இருக்கிறது என்று நினைவிருந்ததால் அப்படியும் மனம் ஒப்பவில்லை. அவர் விட்டுப்போனதில் என்னிடம் இருப்பது இந்தக் கையின் மேல் உள்ள சந்தேகம் ஒன்றுதான்.

"மாரியப்பண்ணே, கூண்டுகள எனக்குத் தெரியாம இடம் மாத்தி வச்சிருங்க. நோட்டுல ஏதாச்சும் கோணலாத் தெரிஞ்சா அன்னைக்கே சொல்லிருங்க" என்றேன். "தனியாக் கூப்பிட்டு."