பாலிஷ் காய எட்டு நாள்

கன்டோன்மென்ட்டில் வெள்ளைக்காரத் துரை விற்றுவிட்டுப் போன பங்களாவில், ஓக் மரக்கட்டைகளைப் பொருத்தித் தரை போடும் என் வேலை இன்றுதான் முடிந்தது.

பங்களாவை வாங்கிய வக்கீல் முதல் நாளே, “உங்க ஜாதிக்கு முன்வாசல் கிடையாது, பின்னால வா” என்றார். எனக்குச் சாப்பாடு கொண்டுவந்த என் மனைவியையும் கக்கூஸ் சந்து வழியாகத்தான் வரச் சொன்னார். அது எனக்கு ஆறவே இல்லை.

இன்று முன்கூடத்துக்குப் பாலிஷ் பூசிக் கதவைச் சாத்தினேன். கோர்ட்டிலிருந்து வந்தவரை வாசலிலேயே நிறுத்தி, “மிதிச்சா தரை பாழாயிடும் சாமி. எட்டு நாள் வேற வழியா போங்க” என்றேன்.

“எந்த வழிடா?”

“எங்க வீட்டுக்காரி வந்த சந்துதான்.”

கறுப்புக் கோட்டோடு மூக்கைப் பொத்திக்கொண்டு போனார்.

உண்மையில் இரண்டே நாளில் காய்ந்துவிடும். நீங்களாக இருந்தால் எத்தனை நாள் சொல்லியிருப்பீர்கள்?