குட்டையானவர்கள் சீட்டை இறக்காதீர்கள்: சுங்கை சோவிலிருந்து கோலா குபு பாரு வரை

என் உயரம் நூற்று ஐம்பது சென்டிமீட்டர். போன மாதம் சுங்கை சோவிலிருந்து எஸ்டேட் பாதையாகக் கோலா குபு பாருவுக்கு மவுண்டன் பைக்கில் கிளம்பி, பதினான்காவது கிலோமீட்டரில் முட்டி வலி தாங்காமல், பின்னால் வந்த வீட்டுக்காரரின் பிக்கப்பில் ஏறிவிட்டேன். "இன்னொரு தடவை பாதி வழியில இதுல ஏறினா சைக்கிள் உன் தம்பி மகனுக்கு" என்றார். ரோஷத்தில் சரி என்றுவிட்டேன். அதனால்தான் போன ஞாயிறு மறுபடியும் அதே பாதை.

முதலில் கோலா சிலாங்கூரில் சைக்கிள் கடை வைத்திருக்கும் ராமுவிடம் போனேன். சீட்டை அடிவரை இறக்கி வைத்திருந்தேன்.

"என்னக்கா, முக்காலியில உட்கார்ந்த மாதிரி இருக்கு?"

"ரெண்டு காலும் தரையில படணும் தம்பி. விழுந்தா நீயா வந்து தூக்குவ?"

"சீட்டு மிதிக்கிறதுக்கு லா, நிக்கிறதுக்கு இல்ல."

மிதிகட்டை கீழே இருக்கும்போது குதிகாலை அதில் வைத்தால் கால் நேராக நீள வேண்டுமாம். ஆறு சென்டிமீட்டர் ஏற்றி, சீட்டுக் கம்பியில் வெள்ளை மார்க்கரால் கோடு போட்டார். கை எட்டுவதற்காக நான் முன்னே தள்ளியிருந்த சீட்டைப் பின்னுக்கு இழுத்தார். அதற்குப் பதில் ஹேண்டில்பாரைப் பிடித்திருக்கும் ஸ்டெம்மைக் குட்டையாக மாற்றினார். அதற்கு 65 வெள்ளி வாங்கினார். பிரேக் பிடியை விரலுக்குப் பக்கமாகத் திருகியது சும்மா. பசார் மாலாம் இரவுச் சந்தையில் ரவிக்கை தைத்து விற்றுக் கடை வைத்தவள் நான். ரவிக்கையில் தோள் பெரிதென்றால் தோளைத்தான் பிடித்துத் தைக்க வேண்டும், கையை வெட்டிப் பயனில்லை என்று எனக்கே தெரிந்திருக்க வேண்டும்.

காலை 7.20க்குப் புறப்பட்டேன். செம்பனைகளுக்கு நடுவே செம்மண் பாதை, முதல் நாள் மழையில் சொதசொதவென்று. ஒன்பதாவது கிலோமீட்டரில் தோட்டத்துக் கேட்டில் நிற்கப் போய், கால் எட்டாமல் அப்படியே சாய்ந்தேன். காவல்காரர் ஓடி வந்து, "சைக்கிள் உங்கள விட உசரம் போலருக்கே அக்கா" என்றார். அடியில்லை, மானம்தான் போனது. பயத்தில் சீட்டை இறக்கினேன். மூன்றே கிலோமீட்டரில் முட்டி குத்த ஆரம்பித்தது.

பதினான்காவது கிலோமீட்டரில் வீட்டுக்காரர் பிக்கப்பின் பின்கதவைத் திறந்துவைத்து நாசி லெமாக் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"ஏறு, வெயில் வேற."

சைக்கிளை விட்டு இறங்கினேன். கோடு வெளியே தெரியும்வரை சீட்டை ஏற்றினேன். பிறகு நிற்கப் பழகினேன்: பிரேக் பிடிக்கும்போதே சீட்டை விட்டு முன்னால் இறங்கி, ஒரு காலால் மிதிகட்டையில் நின்றுகொண்டு மறு காலை ஊன்ற வேண்டும். பத்து நிமிடம் அதே இடத்தில் போய்ப் போய் நின்றேன்.

"என்ன, சர்க்கஸா?"

"டிக்கெட் எடுத்துட்டுப் பாருங்க."

மீதி இருபது கிலோமீட்டரில் வலி போகவில்லை; ஆனால் கூடவும் இல்லை. 11.25க்குக் கோலா குபு பாரு. மொத்தம் 34 கிலோமீட்டர்.

போகிறவர்கள் இரண்டு லிட்டர் தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள். உள்ளே கடை இல்லை. தோட்டத்துக் கேட்டில் அனுமதி கேட்டுவிட்டுப் போங்கள். நிற்கப் பழகாமல் மட்டும் கிளம்பாதீர்கள்.

வீடு திரும்பச் சைக்கிளைப் பிக்கப்பில் ஏற்றும்போது வீட்டுக்காரர் சீட்டுக் கம்பியைத் துடைத்துப் பார்த்தார். சேறு பட்டுக் கோடு பாதி அழிந்திருந்தது. எதிர்க்கடைக்குப் போய் ஒரு மார்க்கர் வாங்கி வந்து, அதே இடத்தில் தடிப்பாகப் போட்டார்.