கடுப்பு

உங்களுக்குக் கடைசியாக வந்த வலியை ஒரே சொல்லில் சொல்லுங்கள் பார்க்கலாம். முடிகிறதா?

சட்டைத் தொழிற்சாலையில் பதினேழு ஆண்டுகளாகக் காலர் மட்டுமே தைத்தவளுக்குக் காலரக்கா என்றே பெயர் நிலைத்துவிட்டது. ஊரார் கழுத்துக்கெல்லாம் தைத்தவளின் தோளிலிருந்து சுண்டுவிரல் வரை ஏதோ ஒன்று ஓடத் தொடங்கியது. மதிய வெயில் ஜன்னலில் சாய்ந்து, எந்திரங்களின் இரைச்சல் தூரத்து மழையாகிப்போகும் வேளையில் அது வரும். கைக்குள் யாரோ நீளமான நூலொன்றை அவசரமில்லாமல் இழுப்பார்கள். மேசைமேல் வெள்ளைத் துணி தண்ணீராக வழியும். அதில் மிதந்து போகும் கை யாருடையதோ என்று அவள் பார்த்துக்கொண்டிருப்பாள்.

வேறு வேலைக்கு மாற ஆலை டாக்டரின் சீட்டு வேண்டும். மாறாவிட்டால் கை போய்விடும்.

"என்ன பண்ணுது?" டாக்டர் தலை நிமிரவில்லை.

"கடுப்பா இருக்கு டாக்டர்."

"யார் மேல?"

"மேல இல்லீங்க, உள்ள."

"வீட்ல சண்டையா?"

அவள் வீட்டில் கடுப்பு என்றால் எலும்புக்குள் உளைவது. அவர் காதில் அது வெறும் கோபம். 'மன எரிச்சல், வேலை செய்யலாம்' என்று எழுதிவிட்டார்.

பித்தான் வைக்கும் பக்கத்து இருக்கைக்காரி சீட்டைப் படித்தாள். "உனக்குக் கோவமாம்க்கா. மேனேஜர் முதுகு வலின்னதும் எக்ஸ்ரே எடுத்தாங்களே?"

"முதுகெலும்பு இருக்கான்னு பார்த்திருப்பாங்கடி."

சிரித்தார்கள். ஆனால் அதுதான் அநியாயம். மேலே இருப்பவன் முனகினாலே போதும். கீழே இருப்பவள் மட்டும் தன் வலிக்கு உரை எழுத வேண்டும்.

மூன்று மாதம் ஓடியது. ஒரு மதியம், கண் பாதி மூடிய மயக்கத்தில் தைத்த காலரைத் திருப்பிப் பார்த்தவள், அப்படியே எழுந்து டாக்டரிடம் போனாள்.

"பாருங்க, மேல தையல் நேரா இருக்குல்ல? இப்பத் திருப்புங்க."

அடியில் நூல் கொத்துக் கொத்தாகச் சிக்கியிருந்தது.

"அடியில ஓடுற பாபின் நூல் சிக்கினா மேல தெரியாது. ஒவ்வொரு குத்துக்கும் உள்ள இழுக்கும். என் கை இதுதான்."

டாக்டர் காலரை விரலால் தடவினார். முதல்முறையாக அவள் முகத்தைப் பார்த்தார். "எது வரைக்கும் இழுக்குது?"

வேலை மாறியது. சுண்டுவிரல் மட்டும் மரத்தது மரத்ததுதான். அந்த ஒரு கேள்வியை டாக்டர் கேட்க மூன்று மாதம் பிடித்ததே!

உங்கள் பக்கத்தில் யாராவது 'என்னமோ பண்ணுது' என்றால், எங்கே, எது வரைக்கும் என்று கேளுங்கள். கேட்டுவிட்டு, சொல் வரும்வரை எழுந்து போகாதீர்கள்.