குற்றாலத்தில் விசாரிக்கப்பட்ட பிரெஞ்சுப் பாட்டுகள்

போன ஞாயிற்றுக்கிழமை குற்றாலத்தில் ஒரு விசாரணை நடத்தினேன்.

ரிடையரான சிரஸ்தாருக்கு ஏது அந்த அதிகாரம் என்று கேட்பீர்கள். நியாயமான ஆட்சேபணைதான். முன்சீப் கோர்ட்டில் நீதிபதிக்குப் பக்கத்து மேஜையில் உட்கார்ந்து, எந்தக் காகிதம் எப்போது உள்ளே வரலாம், எது வெளியே போகலாம் என்று பார்த்துக்கொண்டிருந்தவன் நான். நீதிபதிகள் வருவார்கள், மாற்றலாகிப் போவார்கள். முறை மட்டும் என்னிடம் இருக்கும். பென்ஷன் வாங்கிய பிறகும் அது போகவில்லை. வீட்டில் இரண்டு பேர் சண்டை போட்டால்கூட யார் வாதி, யார் பிரதிவாதி என்று முதலில் கேட்கிறேன். வீட்டில் பதில் சொல்வதை நிறுத்திவிட்டார்கள்.

சரி, விசாரணைக்கு வருகிறேன். குற்றம் சாட்டப்பட்டவர்கள் பிரெஞ்சுக்காரப் பாடகர்கள் சிலர். நேரில் ஆஜராகவில்லை. குரல் மட்டும் ஆஜர்!

தென்காசியில் எனக்குப் பக்கத்து வீட்டுக்காரரை ஊரில் 'சைகோன் பாய்' என்பார்கள். பிரெஞ்சுக்காரர் ஆண்ட வியட்நாமில், சைகோனில் ஜவுளிக்கடை வைத்திருந்தவர். அங்கே சண்டையும் ஆட்சி மாற்றமுமாகப் போனதில் கடையை மூடிவிட்டுக் குடும்பத்தோடு ஊர் திரும்பினார். மகள் ஜமீலா அங்கேயே பிறந்து, பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்தில் படித்தவள். வரும்போது கிராமபோன் ஒன்றும், ஒரு பெட்டி நிறைய இசைத்தட்டும் கொண்டு வந்தாள். சைகோனில் இருக்கிற தோழி அவ்வப்போது புதிய தட்டு அனுப்புவாள். வெளிநாட்டுப் பார்சலுக்குச் சுங்கம் கட்டி எடுக்கும் முறை தெருவில் யாருக்குத் தெரியும்? எனக்குத்தான். அப்படித்தான் எனக்கும் பிரெஞ்சு இசைக்கும் சம்பந்தம் ஏற்பட்டது.

முதல் தடவை சுவருக்கு அந்தப் பக்கம் அந்தப் பாட்டைக் கேட்டபோது, யாரோ வாய் கொப்பளித்துக்கொண்டே அழுகிறார்கள் என்று நினைத்தேன். 'ர' என்ற எழுத்தைத் தொண்டைக்குள்ளே போட்டு உருட்டுகிறார்கள். ஒரு வாரம் பொறுத்தேன். இரண்டாவது வாரம் காபி ஆறுவது தெரியாமல் உட்கார்ந்திருந்தேன். மூன்றாவது வாரம் சுவர் பக்கமாக நாற்காலியை நகர்த்திப் போட்டேன் — வெளிச்சத்துக்காக என்று வீட்டில் சொன்னேன்.

இந்த ஆனி மாதம் ஜமீலாவுக்கு ஒரு வரன் வந்தது. வடகரையில் தென்னந்தோப்பு வைத்திருக்கும் மைதீன் ராவுத்தரின் மகன் யூசுப். பி.ஏ. படித்த, வாயைத் திறக்காத பையன். எல்லாம் பொருந்தியது. இடையில் யாரோ ஒரு புண்ணியவான் மைதீன் ராவுத்தர் காதில் போட்டுவிட்டார்: பெண் நாள் முழுக்கச் சாராயக்கடைப் பாட்டு கேட்கிறாளாம். வெள்ளைக்காரன் பாட்டாம்.

"பொண்ணு வரட்டும். அந்தப் பாட்டுப் பொட்டி வரப்படாது" என்று சொல்லி அனுப்பினார் ராவுத்தர்.

"பொட்டி வரலேன்னா நானும் வரல" என்று சொல்லிவிட்டாள் ஜமீலா.

சைகோன் பாய் என் வீட்டுக்கு ஓடி வந்தார்.

"அண்ணாச்சி, நல்ல எடம். நழுவிப் போயிரும் போலிருக்கு. இவ ஒத்தக்கால்ல நிக்கா. அவரானா அதுக்கு மேல நிக்காரு. நீங்க நடுவுல இருந்து ஒரு வழி பண்ணணும்."

மைதீன் ராவுத்தரை எனக்கு நன்றாகத் தெரியும். எங்கள் கோர்ட்டுக்கு நிரந்தர வாடிக்கை. வரப்புக்கு ஒரு வழக்கு, வாய்க்காலுக்கு ஒரு வழக்கு. செங்கோட்டை திருவிதாங்கூரிலிருந்து நம் பக்கம் சேர்ந்தபோது ஊரெல்லாம் கொடி கட்டிக் கொண்டாடியது. இவர் ஒருவர் மட்டும் முகம் வாடி என்னிடம் வந்து, அந்தப் பக்கத்துக் கோர்ட்டில் இருக்கும் தன் தோப்பு வழக்கு இனி எந்தப் படி ஏறும் என்று கேட்டார். அப்படிப்பட்டவரை விசாரணை என்று சொல்லி அழைத்தால் வராமலா இருப்பார்?

"பாட்டைக் கேட்காமலே தீர்ப்புச் சொல்வது முறையல்ல. எதிர்த்தரப்புக்கும் பேச வாய்ப்புத் தர வேண்டும்" என்று சொல்லி அனுப்பினேன். உடனே சம்மதித்துவிட்டார். அதுவும் சந்தோஷமாக.

குற்றாலத்தில் சைகோன் பாய் சீசனுக்காக எடுத்திருந்த வீட்டில் கூடினோம். சாரல் பருவத்தில் எங்கள் பக்கத்துக் கல்யாணப் பேச்செல்லாம் அங்கேதான் முடியும். எண்ணெய் தேய்த்து அருவியில் நின்று வந்த மனிதனுக்குக் கோபம் பாதி கரைந்துவிடும். மீதியை நெய்ச்சோறு பார்த்துக்கொள்ளும்.

மைதீன் ராவுத்தர் தலை துவட்டிய ஈரத்துண்டோடு நடுக்கூடத்தில் உட்கார்ந்தார். பக்கத்தில் யூசுப். எதிரே நான். கதவு நிலைக்குத் திரை கட்டி, அதற்குப் பின்னால் ஜமீலா. உள்ளே பெண்கள் கூட்டம். கிராமபோன் ஸ்டூல் மேல் இருந்தது.

சைகோன் பாய் ஒரு ரகசியத் திட்டம் வைத்திருந்தார். பிரெஞ்சு தெரிந்தவள் ஜமீலா ஒருத்திதான். அவள் எந்தப் பாட்டுக்கும் 'இது தாலாட்டு' என்று சொல்லிவிட்டால் விஷயம் முடிந்தது. மகளிடம் ராத்திரியே படித்துப் படித்துச் சொல்லி வைத்திருக்கிறார். என்னிடம் மட்டும் சொல்லவில்லை.

சொல்லியிருக்க வேண்டாமா?

நான் பழக்க தோஷத்தில் தொண்டையைச் செருமிக்கொண்டு, "மொழிபெயர்ப்பாளர் முதலில் சத்தியப் பிரமாணம் எடுக்க வேண்டும்" என்றேன். கோர்ட்டில் வேற்றுமொழிச் சாட்சி வந்தால் அதுதானே முறை? "கேட்டதைக் கூட்டாமல் குறைக்காமல், உள்ளது உள்ளபடி மொழிபெயர்ப்பேன் என்று சொல்லம்மா."

சைகோன் பாய் என்னைப் பார்த்த பார்வையை நான் அப்போது புரிந்துகொள்ளவில்லை. மைதீன் ராவுத்தர் "ஆமா, அதான் முறை" என்று தலையை ஆட்டினார்.

திரைக்குப் பின்னால் வளையல் குலுங்கியது. பிறகு, "அல்லா அறிய, உள்ளது உள்ளபடியே சொல்லுதேன்" என்று வந்தது.

போச்சு!

முதல் தட்டு. பாடியது ஒரு அம்மாள். இன்றைக்குப் பிரான்சில் பெரிய பேராம். ஆள் சிறிசு, குரல் பெரிசு என்று ஜமீலா சொல்லியிருக்கிறாள். இழுவை கிடையாது, சங்கதி கிடையாது. நம் பாடகர்கள் ராகத்தைச் சுற்றிச் சுற்றி வருவார்கள். இந்த அம்மாள் நேரே வந்து கதவைத் தட்டுகிறாள். பின்னால் துருத்திப் பெட்டி ஒன்று மூச்சு வாங்குகிறது.

தட்டு நின்றது.

"என்னம்மா சொல்லுதா?" என்றார் ராவுத்தர்.

"துறைமுகத்துல ஒரு கடை. அங்கன ஒருத்தி தெனமும் சாயங்காலம் வந்து உக்காருதா. கப்பல்ல போனவன் பெருநாளைக்குத் திரும்பி வாரேன்னு சொல்லிட்டுப் போனான். வரல. அவ காத்துக்கிட்டே இருக்கா."

"என்ன கடை?"



"சாராயக்கடை, மாமா."

சைகோன் பாய் கண்ணை மூடிக்கொண்டார். உள்ளே யாரோ பாத்திரத்தைக் கீழே போட்டார்கள். யூசுப் தரையைப் பார்த்தான். சம்பந்தம் என் கண் முன்னாலேயே முறிகிறது. முறித்தது யார்? நான் வாங்கிய சத்தியம்.

அவளே தொடர்ந்தாள்.

"பொய் சொல்லிட்டு ஒங்க வீட்டுக்கு வந்து என்ன செய்ய, மாமா? நான் பொறந்ததுலேர்ந்து கேட்ட பாஷை அது. இங்க வந்த பொறவு அதுல பேச ஒரு ஆளு கெடையாது. இந்தப் பொட்டி ஒண்ணுதான் எங்கூடப் பேசுது. அதான் கேக்கேன்."

மைதீன் ராவுத்தர் தாடியைத் தடவினார். எழுந்து போகப் போகிறார் என்று நினைத்தேன்.

"அது கெடக்கட்டும். அந்தக் கப்பக்காரப் பய வாரேன்னு சொன்னானே, எழுத்து மூலமா ஏதும் உண்டுமா?"

"இல்ல மாமா. வாய்வார்த்தைதான்."

"சாட்சி?"

"கடைக்காரன் கேட்டிருக்கான்."

"பொறவென்ன!" ராவுத்தர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "ஒரு சாட்சி போதுமே. என்ன அண்ணாச்சி, கேஸு நிக்குமா நிக்காதா?"

"எதிரி வேறு தேசத்தில் இருந்தால் சம்மன் சார்வு செய்வது, அதாவது அவன் கையில் சேர்ப்பது, சிரமம்" என்றேன். உண்மையைத்தானே சொல்ல வேண்டும்?

"சிரமம்னு உட்ருவாங்களாக்கும்? பாவம், ஒரு பொம்பளப்புள்ள... அடுத்ததப் போடச் சொல்லுங்க."

சைகோன் பாய் கண்ணைத் திறந்தார்.

இரண்டாவது தட்டு வேறு மாதிரி. ஒரே ஒரு ஆள், ஒரே ஒரு கித்தார். பாடுகிறானா பேசுகிறானா என்றே தெரியவில்லை. டீக்கடையில் அடுத்த ஆளுக்கு ஊர் வம்பு சொல்கிற குரல். ஆனால் தாளம் ஒரு இடத்தில்கூடப் பிசகவில்லை. பாட்டைத் தானே எழுதி, தானே மெட்டுப் போட்டு, தானே பாடுகிறவர்கள் அங்கே இப்போது ஒரு தனி வரிசையாம். நம் ஊர்ச் சினிமாவில் ஒருத்தர் எழுத, ஒருத்தர் மெட்டமைக்க, ஒருத்தர் பாட, நாலாவது ஆள் வாயசைக்க வேண்டும்.

ஜமீலா சொன்னாள்: "ஒருத்தன் கோழி திருடிட்டான். ஜட்ஜ் அவனுக்குத் தண்டனை குடுத்துட்டாரு. அன்னைக்கு ராத்திரி அந்தக் கோழிய ஜட்ஜே கொழம்பு வச்சுத் தின்னுட்டாரு."

"முறையே இல்லை" என்று என்னை அறியாமல் கத்திவிட்டேன். "தொண்டிப் பொருளை நீதிபதி எப்படித் தொட முடியும்? உயிருள்ள பொருளாக இருந்தால் ஏலம் போட்டு, தொகையைக் கஜானாவில் அல்லவா கட்ட வேண்டும்?"

மைதீன் ராவுத்தர் சிரித்த சிரிப்பில் ஈரத்துண்டு தோளிலிருந்து விழுந்துவிட்டது.

"அண்ணாச்சிக்குக் கோவத்தப் பாரும்! வே, சைகோனு, ஒமக்குத் தெரியுமா? ஒரு வழக்குல என் தேங்காய ஜப்தி பண்ணிக் கொண்டு போனாங்க. தீர்ப்பு எனக்குச் சாதகமா வந்துச்சு. தேங்காயக் கேட்டா, காஞ்சு போச்சுங்கான். காஞ்சா கொப்பரையாவது இருக்கணுமில்லா? எல்லாம் சட்னியா போயிருக்கு! அந்தப் பிரெஞ்சுக்காரனுக்கு நம்மூரு கதை எப்படிவே தெரிஞ்சுது?"

இந்தத் தேங்காய் விஷயத்தில் என் பக்கத்து விளக்கம் ஒன்று உண்டு. அதை யாரும் கேட்கவில்லை.

மூன்றாவது, தோழி போன மாதம் அனுப்பிய புதுத் தட்டு. பாடியது பள்ளிக்கூட வயசுப் பெண் போலிருந்தது. டமடமவென்று அடி, கூடவே மின்சாரக் கித்தார். கேட்கும்போதே கால் துறுதுறுத்தது. இப்போது அங்கே இளசுகளுக்கு இதுதான் பைத்தியமாம்.

"இது என்ன சொல்லுது?"

"நாளைக்கு லீவு, ஆடலாம் வாங்கங்கா."

"பொறவு?"

"அவ்வளவுதான் மாமா."

"இதுல வழக்கே இல்லையே!" ராவுத்தர் கையை வீசினார். "தள்ளுபடி. அந்த மொதப் பொம்பளைய இன்னொரு மட்டம் வைங்க."

வைத்தார்கள். இந்தத் தடவை அவர் மொழிபெயர்ப்புக் கேட்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். பாட்டு முடிந்ததும் நெய்ச்சோறு வந்தது. கையைக் கழுவிக்கொண்டு தீர்ப்பைச் சொன்னார்.

"பொட்டி வரட்டும். ஆனா ஒரு கண்டிசன். புதுத் தட்டு வந்தா என்னைக் கூப்புட்டு ஒக்கார வச்சு, உள்ளது உள்ளபடி சொல்லணும். இன்னைக்குச் சொன்ன மாதிரி."

அப்போதுதான் யூசுப் முதல் முறையாக வாயைத் திறந்தான். "அத்தா, அந்தக் கோழிப் பாட்ட..." என்று ஆரம்பித்து, திரை பக்கம் பார்த்து, நிறுத்திக்கொண்டான். திரைக்குப் பின்னால் ஒரு சிரிப்பு. ஆவணி மாதம் கல்யாணம்.

சைகோன் பாய் வீட்டுக்குத் திரும்பும் வழியில்தான் தாலாட்டுத் திட்டத்தை என்னிடம் சொன்னார். "ஒங்க சத்தியத்தால உசுரே போயிட்டு அண்ணாச்சி" என்றார். சட்டத்தில் எனக்கிருந்த நம்பிக்கை கொஞ்சம் கூடியிருக்கிறது. முறைப்படி செய்த ஒரு காரியம் கடைசியில் நல்லபடி முடிந்ததை என் சர்வீஸில் அதிகம் பார்த்ததில்லை.

இதோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன். நேற்றுக் காலையில் மைதீன் ராவுத்தர் வாசலில் வந்து நிற்கிறார். கையில் ஒரு குலை இளநீர்.

"அண்ணாச்சி, ரெண்டு நாளா ஒறக்கமில்ல. அந்தக் கப்பக்காரன் கடைசீல வந்தானா, இல்லையா?"

"பாட்டில் வரவில்லையே."

"மேல அப்பீலு ஏதும்...?"

அப்பீல் இல்லை என்றேன். அவர் முகம் சுண்டிப்போனது. இளநீர்க் குலையைத் திண்ணையில் வைத்தார். பிறகு சுவரைக் காட்டி மெதுவாகக் கேட்டார்: "பக்கத்து வீட்டுல இப்பம் அந்தத் தட்டு வைப்பாங்களா?"

இன்னொரு நாற்காலியைச் சுவர் பக்கமாக நகர்த்திப் போட்டேன்.

அப்பீலுக்கு வழியில்லாத வழக்கைத்தான் மறுபடி மறுபடி போட்டுக் கேட்கிறோம் போலிருக்கிறது.