மீசை முதலில், முகம் பிறகு

யார் வீட்டுக்குப் போனாலும் யால்ஷா முதலில் ஜன்னல் முன் போய் நின்று தலையை இடதும் வலதுமாக மெல்ல ஆட்டுகிறாள். மேசையில் காப்பி ஆறிக்கொண்டிருக்கும். வீட்டுக்காரர்கள் நலம் விசாரித்துக்கொண்டிருப்பார்கள். அவள் காதில் எதுவும் ஏறாது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நிற்கும் பிளம் மரம் அவள் தலையோடு சேர்ந்து நெளிந்தால் முகம் மலர்ந்துவிடும். நெளியாமல் விறைப்பாக நின்றால், "புதுக் கண்ணாடி" என்று உதட்டைப் பிதுக்கிவிட்டு வந்து காப்பியை எடுத்துக்கொள்வாள். அதற்குப் பிறகு அந்த ஜன்னலை ஏறெடுத்தும் பார்ப்பதில்லை.

வயது அறுபத்து மூன்று. காலையில் பள்ளிக்கூடச் சமையலறையில் நூற்றிருபது பிள்ளைகளுக்கு சூப், பிற்பகலில் ஓவியம். திராவா ஆற்றோரத்தில் எங்கள் ஊரில் கண்ணாடியில் வரைகிறவர்கள் வீதிக்கு இரண்டு பேராவது உண்டு. கடையில் வெட்டிக் கொடுக்கிற கண்ணாடி அவர்களுக்குப் போதும். இவளுக்குப் போதாது. யாராவது பழைய ஜன்னலைக் கழற்றி பிளாஸ்டிக் ஜன்னல் மாட்டப்போகிறார்கள் என்று காதில் விழுந்தால், அவளும் கணவன் மார்த்தினும் தள்ளுவண்டியோடு வாசலில் ஆஜர். வண்டிக்குள் அவர்கள் கட்டிலில் கிடந்த இறகுப் போர்வை இருக்கும். கண்ணாடி அதற்குள் சுகமாகப் படுத்துக்கொண்டு வீடு வந்து சேரும்.

"கல்யாணத்தன்னிக்கு இவளைக்கூட நான் இவ்வளவு பத்திரமா கூட்டிட்டு வரல" என்பான் மார்த்தின்.

"நான் விழுந்தா உடைய மாட்டேன்னு உனக்குத் தெரியும்" என்பாள் அவள்.

பழைய கண்ணாடியில் அப்படி என்னதான் இருக்கிறது என்று கேட்டால் விரல் வைத்துக் காட்டுவாள். இங்கே ஒரு அலை, அங்கே ஒரு குமிழி, ஓரத்தில் லேசான பச்சை. குமிழி வாத்தின் கண்ணாகிவிடும். அலை இருக்கிற இடத்தில் ஆறு ஓடும். "அதுக்குள்ள ஏற்கெனவே என்னமோ இருக்கு. நான் சும்மா அதைச் சுத்தி வரையறேன், அவ்வளவுதான்." இதை அவள் அடக்கத்துக்காகச் சொல்வதாக நினைத்தால் நாம்தான் ஏமாளி. வெறும் காகிதத்தைக் கொடுத்து வரையச் சொன்னால், கோழியைக்கூட ஒழுங்காக வரைய வராது அவளுக்கு.

இந்த வேலையில் எல்லாமே தலைகீழ். கண்ணாடியின் பின்பக்கத்தில் வரைந்து முன்பக்கத்திலிருந்து பார்க்க வேண்டும். அதனால் கண்ணுக்கு எது முன்னால் தெரிய வேண்டுமோ அதைத்தான் முதலில் வைக்க வேண்டும். கண்மணி முதலில், கண் பிறகு, முகம் அதற்கும் பிறகு. பொத்தான் வைத்துவிட்டுத்தான் சட்டை. வானம் கடைசியில். எல்லாவற்றுக்கும் முன்னால் கையெழுத்து, அதுவும் எழுத்துகளை இடம் வலம் மாற்றி. படம் எப்படி வரும் என்றே தெரியாமல் கையெழுத்தா என்று வெளியூர்க்காரர் ஒருவர் கிண்டல் செய்தார். "புள்ளை எப்படிப் பொறக்குதுன்னு பார்த்துட்டுத்தானா நான்தான் அம்மான்னு ஒத்துக்கறாங்க?" என்று திருப்பிக் கேட்டுவிட்டு அவள் தூரிகையைத் துடைத்தாள்.

எதையாவது விட்டுவிட்டால் சவர பிளேடால் சுரண்டிவிட்டு மறுபடி வரையலாம். மற்றவர்கள் சுரண்டுகிறார்கள். பழைய கண்ணாடி மட்டும் இதைப் பொறுத்துக்கொள்ளாது. ஒரே ஒரு முறை யால்ஷா ஒரு வாத்துக் கூட்டத்தில் ஒரு வாத்தைச் சுரண்டினாள். மெல்லிய கீறல் ஒன்று குறுக்கே விழுந்தது. அந்தப் படம் இன்றைக்கும் கோழிக்கொட்டகையில் சுவரைப் பார்த்தபடி நிற்கிறது.

பள்ளிக்கூடத்தின் பழைய ஜன்னல்களைக் கழற்றியபோது அவளுக்கு ஒரு கண்ணாடி கிடைத்தது. இரண்டு முழ அகலம், தண்ணீர் மாதிரி அலை, ஓரிடத்தில் பருப்பளவு குமிழி. இப்படி ஒன்று இனி இந்த ஜென்மத்தில் கிடைக்காது என்று அவளுக்குத் தெரியும். பயத்திலேயே இரண்டு வருஷம் தொடவில்லை. சமையலறைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு, தினமும் அதற்குக் காலை வணக்கம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

ஊர்த் தீயணைப்புப் படையின் தலைவன் இம்ப்ரோ ஒருநாள் வந்து உட்கார்ந்தான். மே மாதம் தீயணைப்புக்காரர்களின் காவல் புனிதர் ஃப்ளோரியானின் திருநாள், படை தொடங்கி நூறு வருஷம், மண்டபத்தில் மாட்ட ஒரு படம் வேண்டும். பேசிக்கொண்டே மார்த்தின் ஊற்றிய ஒயினைத் தூக்கிப் பிடித்தான். சாயங்கால வெயில் கிளாஸுக்குள் ஒரு புள்ளியாக வந்து நின்றது. யால்ஷா அவனைப் பார்த்தாள், சுவரோரக் கண்ணாடியைப் பார்த்தாள். "அப்படியே இரு, ஆடாத" என்றாள். அவ்வளவுதான், படம் பிறந்துவிட்டது.

குமிழிதான் ஒயினுக்குள் மின்னும் வெளிச்சம். அதைச் சுற்றிச் சிவப்பு, பிறகு கிளாஸ், அதைப் பிடித்த விரல்கள், பொன்னிறப் பொத்தான்கள், மேசையைச் சுற்றிப் பதினான்கு ஆட்கள். ஒரு மாதம் அவள் பாடிக்கொண்டே வரைந்தாள். பள்ளிக்கூட சூப்பில் இரண்டு நாள் உப்பே இல்லை. திருநாளுக்கு நான்கு நாள் இருக்கையில் வானமும் காய்ந்தது. இருவரும் கண்ணாடியைத் தூக்கி முன்பக்கம் திருப்பினார்கள்.

மார்த்தின் வெகுநேரம் பார்த்தான். "ரொம்ப நல்லா வந்திருக்கு. ஆமா, கிளாஸோட நிக்கிறானே, யாரு இந்தப் புது ஆளு?"

இம்ப்ரோவுக்கு மீசை இல்லை.

இம்ப்ரோவின் மீசையைத் தெரியாதவர்கள் இந்த வட்டாரத்திலேயே கிடையாது. தலைக்கவசம் மாட்டும்போது வாரை முதலில் மீசையைத் தாண்டித்தான் இழுக்க வேண்டும். குமிழி கிடைத்த சந்தோஷத்தில் யால்ஷா விரலிலிருந்து நேரே முகத்துக்குப் போய்விட்டாள். அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. பிளேடை எடுத்தாள். மீசை வர வேண்டிய இடத்தை ஒட்டினாற்போல கிளாஸ் இருந்தது. பிளேடு ஒரு நூல் இடறினால் குமிழியின் மேலேயே கீறல். பிளேடைக் காகிதத்தில் சுற்றி ஏப்ரன் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

மறுநாள் காலையில் இம்ப்ரோ வீட்டு அடுக்களையில் போய் நின்றாள். இந்த முறை ஜன்னலைப் பார்க்கவில்லை.

"தப்புப் பண்ணிட்டேன்டா. உன் மீசையை விட்டுட்டேன்."

"அதனால என்னக்கா? சுரண்டிட்டுப் போடு."

"சுரண்டினா கீறல் விழும். விழுந்தா எல்லாரும் கீறலைத்தான் பார்ப்பாங்க. உன்னைப் பார்க்க மாட்டாங்க."

"பின்ன என்னதான் பண்ணப்போற?"

யால்ஷா அவன் உதட்டுக்கு மேலேயே பார்த்துக்கொண்டிருந்தாள். இம்ப்ரோவுக்கு மெல்லப் புரிந்தது. கை தானாக மேலே போய் மீசையை மூடிக்கொண்டது.

"இருபத்தாறு வருஷம், அக்கா."

"மீசை வளரும். கண்ணாடி வளராதுடா."

அவன் மனைவி பாரா அடுப்பிலிருந்து வெந்நீரை இறக்கினாள். "நான் ஒண்ணும் சொல்லல" என்றாள். "ரெண்டு பேரும் பேசி முடிங்க. தண்ணி சூடா இருக்கு, அவ்வளவுதான்."

"உனக்கு இதுல ஏக சந்தோஷம்."

"கல்யாணமாகி இருபத்தஞ்சு வருஷமாச்சு. மேல் உதடுன்னு ஒண்ணு உனக்கு இருக்கான்னே எனக்குத் தெரியாதுய்யா."

படத்தைப் பார்க்காமல் முடியாது என்று இம்ப்ரோ பிடிவாதமாகக் கூடவே நடந்து வந்தான். வழியெல்லாம் மீசையை நீவிக்கொண்டே வந்தான். படத்தின் முன்னால் வந்ததும் கை மீசையிலிருந்து இறங்கியது. மேசையைச் சுற்றி அவன் படை மொத்தமும் இருந்தது. அவன் கையில் கிளாஸ், கிளாஸுக்குள் அந்தச் சின்ன வெளிச்சம். யாரும் சொல்லிக்கொடுக்காமலே அவனும் தலையை மெல்ல இடதும் வலதுமாக ஆட்டினான். வெளிச்சம் அசைந்தது.

"இதை எப்படி வரைஞ்ச?"

"நான் எங்க வரைஞ்சேன்? அது ஸ்கூல் ஜன்னல்ல இருந்தது. நீ மூணாங்கிளாஸ் படிக்கிறப்போ அதுக்குப் பக்கத்துலதான உக்காந்திருந்த."

இம்ப்ரோ பெருமூச்சு விட்டான். மேசையடியிலிருந்து முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, கண்ணை மூடி முகவாயைத் தூக்கினான். யால்ஷா ஏப்ரன் பையிலிருந்து பிளேடை எடுத்து மார்த்தினிடம் நீட்டினாள். அவனுக்குத்தான் சவரம் பழக்கம்.

ஞாயிற்றுக்கிழமை திருப்பலி முடிந்து ஊரே மண்டபத்தில் கூடியது. துணியை விலக்கியதும் எல்லோரும் படத்தைப் பார்த்தார்கள், இம்ப்ரோவைப் பார்த்தார்கள், மறுபடி படத்தைப் பார்த்தார்கள். பின்வரிசையிலிருந்து கொல்லன் மாதியா, "அப்படியே உரிச்சு வெச்ச மாதிரி இருக்கு" என்றான். மண்டபம் கைதட்டியது. பாரா எல்லோரையும்விட நீளமாகத் தட்டினாள்.

இம்ப்ரோ சிவந்துபோய்ப் படத்தின் கீழே நின்று, ஊற்றிக் கொடுத்த ஒயினைத் தூக்கிப் பிடித்தான். போட்டோ எடுப்பவர் தயாரானார். முன்வரிசையில் உட்கார்ந்திருந்த யால்ஷா படத்தை ஒருமுறை பார்த்தாள், அவனை ஒருமுறை பார்த்தாள். எழுந்து போய் அவன் முழங்கையை இரண்டு விரல் உயரம் தூக்கி வைத்துவிட்டு, திரும்பி வந்து உட்கார்ந்தாள்.