கீழ்ப்பாதி வெள்ளை

கல்லூரி வாசலுக்கு எதிரே இருந்த ஜெராக்ஸ் கடையில்தான் இதை எழுதுகிறவன் அவளை முதலில் பார்த்தான். குடும்பத்திலேயே முதலில் கல்லூரிக்கு வந்தவன் என்ற மிதப்போடு கணக்குக் குறிப்புகளை நீட்டினான். "மூணாவது பக்கத்துல ஒரு வரி விட்டுட்டீங்க தம்பி" என்றாள். பிறகுதான் தெரிந்தது, அவளும் பட்டம் படிக்கிறவள், அஞ்சல்வழியில். கணக்குத் தாளில் மட்டும் இரண்டு முறை மண்ணைக் கவ்வியவள். அடுத்தது கடைசி வாய்ப்பு. அதையும் விட்டால் பட்டம் கிடையாது.

நன்றாகப் படிக்கிறவர்களின் குறிப்புகளெல்லாம் அவள் கை வழியாகத்தான் போகும். தனக்கும் ஒரு பிரதி எடுத்து வரி பிசகாமல் மனப்பாடம் செய்வாள். கடையில் எல்லாம் தண்ணீர் பட்ட பாடு. தேர்வில் எண்களை மாற்றிக் கேட்டால், கை பழைய எண்களையே எழுதும்.

"தலையெழுத்தும்மா" என்பாள் வீட்டில்.

"எழுத்தெல்லாம் நல்லாத்தான் இருக்கு. கணக்குதான் வரல" என்பாள் அம்மா.

ஒருநாள் மிஷின் கண்ணாடியின் பாதியை மறைத்துக் கிடந்த வெற்றுத்தாளைக் கவனிக்காமல், அதன்மேலேயே ஒரு பக்கத்தை வைத்து நகல் எடுத்துவிட்டாள். கேள்வி வந்திருந்தது; விடை இருந்த கீழ்ப்பாதி வெள்ளை.

"கெடுத்துட்டியாம்மா?" என்றார் முதலாளி.

"விடுங்கண்ணே, இது எனக்குத் தலைகீழாத் தெரியும். கையாலயே எழுதிடுறேன்."

"எழுது. நான் எட்டாவதுலயே கணக்கோட டூ விட்டவன். நீ எதை எழுதினாலும் சரின்னுதான் சொல்லுவேன்."

முதல் வரி வந்தது. இரண்டாவது ஏன் வர வேண்டும் என்று தெரியவில்லை. பேனா நின்றது.

"மை தீந்துடுச்சா?"

"இல்லண்ணே. எனக்கு விடைதான் தெரியும்போல. கணக்கு தெரியல."

அன்றுமுதல் தனக்கென்று முழு நகல் ஒன்றும், வேண்டுமென்றே விடையை மறைத்த நகல் ஒன்றும் எடுத்தாள். கூட்டம் குறையும் வேளையில் அந்த வெள்ளையில் தானே போட்டுப் பார்ப்பாள். முட்டி மோதி முடியாதபோதுதான் முழு நகலைத் திறப்பாள். அதுவும் சிக்கிய வரிவரைக்கும்தான். எங்கே சறுக்கினோம் என்று ஓரத்தில் எழுதுவாள். சில நாள் கழித்து, எண்களை மாற்றி மறுபடி அதே கணக்கு. முன்பு பத்துப் பக்கம் ஓடிய நேரத்தில் இப்போது ஒரு கணக்குதான் நகர்ந்தது. தேர்வு நெருங்கியது. முன்பு மனப்பாடம் செய்த பழைய நகல்கட்டைத் தொட்டுப் பார்ப்பாள், பிரிக்க மாட்டாள்.

தேர்வில் அவள் பார்த்தே இராத ஒரு கணக்கு வந்தது. முன்பென்றால் தாண்டிப் போயிருப்பாள். எழுதினாள், அடித்தாள், வேறு வழியில் தொடங்கினாள். கடைசி மணி அடிக்கும்போது அந்தக் கணக்கு பாதியில் நின்றது. தேற அந்தப் பாதி போதுமானதாக இருந்தது.

இப்போது அவள் பட்டதாரி. காலையில் அதே கடையில் வேலை. மாலையில் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் படிக்கிறாள்.